எஸ்ப்ரெசோவுக்கு ஆர்.ஓ. தண்ணீர்: மீட்டர் 190 காட்டுது, மெஷின் தாங்குமா?

#1 வேளச்சேரி_ஷாட்

வணக்கம். வீட்டுல டூயல் பாய்லர் எஸ்ப்ரெசோ மெஷின் (காபிக்கு ஒண்ணு, பால் சூடாக்கற ஆவிக்கு ஒண்ணு), ரெண்டு பாய்லரும் ஸ்டெயின்லெஸ். அபார்ட்மென்ட்ல வர்றது போர் தண்ணி, அதை வீட்டு ஆர்.ஓ.வுல சுத்திகரிச்சுத்தான் டேங்க்ல ஊத்தறோம். போர் தண்ணியோட டி.டி.எஸ்., அதாவது கரைஞ்சிருக்கற உப்போட மொத்த அளவு, 1250. ஆர்.ஓ.வுல டி.டி.எஸ். கன்ட்ரோலர் இருக்கு, குழாய்ல 190 வருது. மெஷின் கையேடு 90 முதல் 150 வரைன்னு சொல்லுது. கன்ட்ரோலரைத் திருகி 150க்குக் கொண்டுவந்தா போதுமா, இல்ல கேன் தண்ணிக்கு மாறணுமா? ருசியில பெரிய குறை இல்ல. பாய்லர் கெடக்கூடாது, அதுதான் கவலை.

#2 பைகார்பனேட்

டி.டி.எஸ். மீட்டரை முதலில் ஓரமாக வையுங்கள். அது உப்பை அளப்பதில்லை. தண்ணீர் எவ்வளவு மின்சாரத்தைக் கடத்துகிறது என்று பார்த்து, அதை 0.5 அல்லது 0.7 போன்ற ஓர் எண்ணால் பெருக்கிக் காட்டுகிறது. 150 என்று வந்தால் அதில் சுண்ணாம்பு எவ்வளவு, சமையல் உப்பு எவ்வளவு என்று அந்தக் கருவிக்குத் தெரியாது. மெஷினுக்கோ அந்தப் பிரிவினைதான் எல்லாமே.

தெரிய வேண்டியவை மூன்று எண்கள்.

கடினத்தன்மை, அதாவது ஜி.எச்.: கால்சியமும் மக்னீசியமும் சேர்ந்தது. வெள்ளையாகப் படிவதற்கு மூலப்பொருள்.

காரத்தன்மை, அதாவது கே.எச்.: பெரும்பாலும் பைகார்பனேட். தண்ணீர் சூடானதும் பைகார்பனேட்டிலிருந்து கார்பன் டை ஆக்சைடு பிரிந்து போகும். மிச்சமிருப்பது கால்சியத்தோடு சேர்ந்து சுண்ணாம்புப் படிவாகிறது. கடினத்தன்மை மட்டும் இருந்து காரத்தன்மை இல்லாவிட்டால் பாய்லரில் இந்தப் படிவு வராது. காரத்தன்மை மட்டும் இருந்து கால்சியம் இல்லாவிட்டாலும் வராது. காபியின் புளிப்பை அடக்குவதும் இந்தக் காரத்தன்மைதான்.

குளோரைடு: இது படியாது, அரிக்கும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலின் மேல் இருக்கும் மெல்லிய ஆக்சைடு படலத்தை அங்கங்கே உடைத்து ஊசிமுனைக் குழி போடும். வெல்டிங் மூட்டுகளில் முதலில் ஆரம்பிக்கும். சூடு ஏற ஏற வேகம் கூடும். டேங்க்கில் ஊற்றும் நீரில் லிட்டருக்கு 30 மில்லிகிராமுக்குக் கீழே வைத்திருப்பது நல்லது.

ஸ்பெஷாலிட்டி காபி அசோசியேஷனின் பழைய தரநிலையில்கூட 150 என்ற எண் தனியாக வரவில்லை. காரத்தன்மை 40, கால்சியம் கடினத்தன்மை 68, சோடியம் 10 என்ற துணை எண்களோடுதான் வந்தது. கையேடு எழுதுகிறவர்கள் 150ஐ மட்டும் பிடித்துக்கொண்டார்கள்.

போர் தண்ணீர், ஆர்.ஓ. தண்ணீர் இரண்டுக்கும் இந்த மூன்றையும் அளந்து போடுங்கள். அதற்கு முன் கன்ட்ரோலரைத் தொட வேண்டாம்.

#3 மீன்தொட்டி_மணி

அளக்கறது ஈஸி ப்ரோ. மீன்தொட்டிக் கடையில ஜி.எச்., கே.எச். சொட்டு டெஸ்ட் கிட் கிடைக்கும். 5 மில்லி தண்ணிய டியூப்ல எடுத்து, சொட்டு சொட்டா விட்டு ஒவ்வொரு சொட்டுக்கும் குலுக்கணும். பரவலா விக்கிற கிட்ல கே.எச்.சுக்கு நீலம் மஞ்சளாகும், ஜி.எச்.சுக்கு ஆரஞ்சு பச்சையாகும். எத்தனை சொட்டுல நிறம் மாறுதோ அதுதான் ஜெர்மன் டிகிரி. அதை 17.9ஆல பெருக்குனா கால்சியம் கார்பனேட் கணக்குல பி.பி.எம். (லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம்) வந்துடும்.

ஆர்.ஓ. தண்ணிக்கு 5 மில்லி பத்தாது, ரெண்டு மூணு சொட்டுலயே முடிஞ்சிடும். 10 மில்லி எடுத்தா ஒரு சொட்டு ஏறத்தாழ 9 பி.பி.எம். ஸ்ட்ரிப் வாங்காதீங்க, நிறத்தை ஒப்பிட்டுப் பாக்கறதுல 40க்கும் 80க்கும் வித்தியாசம் தெரியாது.

குளோரைடுக்கு லேப்தான் சரி. தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்டங்கள்ல ஆய்வகம் இருக்கு, கட்டணம் கட்டி சாம்பிள் குடுக்கலாம். தனியார் லேபும் உண்டு. ரெண்டு தண்ணியையும் தனித்தனி பாட்டில்ல குடுங்க.

#4 வேளச்சேரி_ஷாட்

ரிசல்ட் வந்துடுச்சு.

போர் தண்ணி: ஜி.எச். 28 சொட்டு, கே.எச். 20 சொட்டு (5 மில்லிக்கு). லேப்ல குளோரைடு 410.

ஆர்.ஓ. குழாய்: 10 மில்லிக்கு ஜி.எச். 7 சொட்டு, கே.எச். 6 சொட்டு. குளோரைடு 66.

லேப் ரிப்போர்ட்ல போர் தண்ணிக்கே "அனுமதிக்கப்பட்ட வரம்புக்குள் உள்ளது"ன்னு போட்டிருக்காங்க. ஆர்.ஓ.வுல கடினத்தன்மை 63, காரத்தன்மை 54. நீங்க சொன்ன எண்கள் பக்கத்துலயே வருதே, அப்ப நல்ல தண்ணிதானே?

#5 பைகார்பனேட்

முதல் இரண்டு எண்களை மட்டும் பார்த்தால் அழகான தண்ணீர். மூன்றாவது எண்தான் பாய்லரைத் தின்னும்.

லேப் சொன்னது தப்பில்லை. ஐ.எஸ். 10500:2012 குடிநீர்த் தரநிலைப்படி மாற்று நீர் ஆதாரம் இல்லாத இடத்தில் குளோரைடு 1000 வரை, கடினத்தன்மை 600 வரை அனுமதி உண்டு. அது குடிக்கிறவருக்கான வரம்பு. 125 டிகிரியில் நாள் முழுக்கக் கொதிக்கும் பாய்லருக்கு எழுதியதில்லை.

66 எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். ஆர்.ஓ. சவ்வு எல்லா உப்பையும் ஒரே மாதிரி தடுப்பதில்லை. கால்சியம், மக்னீசியம் போன்ற இரட்டை மின்னூட்ட அயனிகளை நன்றாகப் பிடித்துவிடும். சோடியமும் குளோரைடும் கூடுதலாக நழுவும். சவ்வு குளோரைடில் 93 சதவீதம் தடுக்கிறது என்று வைத்தால் 410இல் 29 வெளியே வரும். கன்ட்ரோலர் என்ன செய்கிறது? சவ்வைத் தாண்டாத போர் தண்ணீரைக் கொஞ்சம் கலக்கிறது. 10 சதவீதம் கலந்தால் 29இல் பத்தில் ஒன்பது பங்கு 26, அதோடு 410இல் பத்தில் ஒரு பங்கு 41. மொத்தம் 67. உங்கள் லேப் எண் 66. டி.டி.எஸ். கணக்கும் ஒத்துவருகிறது: 1250இல் பத்தில் ஒரு பங்கே 125, மிச்சம் சவ்வு வழியாக வந்தது.

கன்ட்ரோலரைத் திருகி 150க்குக் கொண்டுவந்தால் குளோரைடு 50க்குப் பக்கத்தில் நிற்கும். கையேடு திருப்தியாகும், பாய்லர் ஆகாது. முழுக்க மூடிவிடுங்கள். அப்போது ஏறத்தாழ ஜி.எச். 10, கே.எச். 20, குளோரைடு 29 என்று வரவேண்டும். குறைகிற காரத்தன்மையை நாமே சேர்த்துக்கொள்ளலாம்.

இன்னொன்று. கார்பன் பில்டர் குளோரைடை எடுக்காது, அது எடுப்பது குளோரினை. வாங்கும்போது விற்பனையாளர் இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவார்.

#6 கோவை_ஆர்ஓ

கன்ட்ரோலர் எங்க இருக்குன்னு தேடறவங்களுக்கு: மெம்பரேன் (அதான் சவ்வு) ஹவுசிங்கில இருந்து சுத்தமான தண்ணி வெளிய வர்ற டியூப்ல ஒரு டீ ஜாயின்ட் இருக்குமுங்க. அதுல இன்னொரு டியூப் கார்பன் பில்டர் பக்கத்துல இருந்து வந்து சேரும். அந்த டியூப்ல இருக்கற சின்ன திருகு வால்வுதான் கன்ட்ரோலர். வலப்பக்கமா முழுக்கத் திருகினா மூடிக்கும். சில மாடல்ல திருகு மூடினாலும் கசியுமுங்க, அப்ப அந்த டியூபையே கழட்டி ரெண்டு பக்கமும் அடைப்பான் போட்டுடுங்க.

மூடினதுக்கப்புறம் ஸ்டோரேஜ் டேங்க்ல இருக்கற பழைய தண்ணிய முழுக்க வடிச்சுட்டு, மறுபடி நிரம்பின பிறகு அளங்க. இதுலதான் நிறைய பேர் ஏமாந்துடறாங்க. ஆர்.ஓ. மெஷின் ரொம்ப நேரம் சும்மா நின்னா முதல்ல வர்ற தண்ணியில உப்பு கூடுதலா இருக்கும், சவ்வுக்கு ரெண்டு பக்கமும் உப்பு சமமாகப் பாக்கும். அதனால டியூப்ல நேரா பிடிச்சு அளந்தா முதல் அஞ்சு நிமிசத் தண்ணிய விட்டுடுங்க.

டி.டி.எஸ். மீட்டருக்கு இங்க ஒரு வேலை இருக்குங்க. உள்ள போறது 1250, வெளிய வர்றது 70ன்னா சுமார் 94 சதவீதம் தடுக்குது. வெளிய வர்றது 125ஐத் தாண்டினா மெம்பரேன் மாத்தற நேரம். ஆனா மாத்தறதுக்கு முன்னாடி பூஸ்டர் பம்ப் பிரஷரையும் பாத்துக்கங்க. பிரஷர் குறைஞ்சாலும் இதே மாதிரி ஏறும், பாவம் மெம்பரேன் மேல பழி விழும்.

கடைசியில மினரல் கார்ட்ரிட்ஜ் மாட்டியிருந்தா அதையும் பைபாஸ் பண்ணிடுங்க. புதுசுல நிறைய விடும், போகப் போக ஒண்ணுமே விடாது. அதை நம்பிக் கணக்குப் போட முடியாதுங்க.

#7 துளிக்கணக்கு

காரத்தன்மை சேர்க்கும் முறை இது.

உணவுத் தர பொட்டாசியம் பைகார்பனேட் 10 கிராம் எடுத்து, ஆர்.ஓ. தண்ணீரில் கரைத்து, மொத்தம் 1 லிட்டராக்கவும். இதுதான் கரைசல். இதில் 1 மில்லியை 1 லிட்டர் தண்ணீரில் விட்டால் காரத்தன்மை 5 பி.பி.எம். ஏறும். வேளச்சேரி நண்பருக்கு 20இலிருந்து 50 ஆக வேண்டும் என்றால் லிட்டருக்கு 6 மில்லி. 5 லிட்டர் கேனுக்கு 30 மில்லி. ஊசி போடாத சிரிஞ்சால் அளந்தால் போதும்.

தூளை நேரடியாக எடைபோட்டு டேங்க்கில் கொட்ட வேண்டாம். 5 லிட்டருக்கு வேண்டியது 0.3 கிராம். சமையலறைத் தராசில் அது விழவே விழாது.

பொட்டாசியம் பைகார்பனேட் கிடைக்காவிட்டால் ஆப்பசோடா போதும், அது சோடியம் பைகார்பனேட்தான். 10 கிராமுக்குப் பதில் 8.4 கிராம் போட்டால் மேலே சொன்ன அதே மில்லிக் கணக்கு செல்லும். பேக்கிங் பவுடர் வேண்டாம், அதில் அமிலமும் மாவும் சேர்ந்திருக்கும்.

சுத்த நீரில் லிட்டருக்கு 100 மில்லிகிராம் பொட்டாசியம் பைகார்பனேட், வேறொன்றும் இல்லை. இது எஸ்ப்ரெசோ வட்டாரத்தில் ஆர்-பாவ்லிஸ் நீர் என்று வழங்குகிறது. காரத்தன்மை 50, கடினத்தன்மை பூஜ்யம். கால்சியமே இல்லாததால் படிவதற்கு எதுவும் கிடையாது. பொட்டாசியம் உடம்புக்கு ஆகுமா என்று யாராவது கட்டாயம் கேட்பார்கள்: ஒரு ஷாட்டில், அதாவது ஒரு தடவை இறக்கும் எஸ்ப்ரெசோவில், தண்ணீர் வழியாக வருவது ஒன்றரை மில்லிகிராம் அளவு, காபித் தூளிலிருந்து இறங்குவது அதைப் போலப் பல மடங்கு.

#8 ஏற்காடு_லைட்ரோஸ்ட்

மெஷின் பிழைக்கும், சரி. காபி என்னாவது? கடினத்தன்மை பூஜ்யமான தண்ணீரில் ஷாட் வெறிச்சென்று இருக்கிறது. 2014இல் பாத் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த ஆய்வில், காபியின் அமிலங்களையும் மணப்பொருட்களையும் பற்றிக்கொள்ளும் திறன் சோடியத்தைவிட மக்னீசியத்துக்கு அதிகம் என்று கணக்கிட்டுக் காட்டினார்களே. கொஞ்சம் எப்சம் உப்பு (மக்னீசியம் சல்பேட்) சேர்ப்பதில் என்ன தடை? 12.3 கிராமை 1 லிட்டராக்கினால் அதுவும் மில்லிக்கு 5 பி.பி.எம். கணக்குதான். லிட்டருக்கு 8 மில்லி விட்டால் கடினத்தன்மை 40.

#9 பைகார்பனேட்

தடை ஒன்றும் இல்லை, தாராளமாகச் சேருங்கள். ஆனால் அந்த ஆய்வு கணினிக் கணக்கு. அயனிக்கும் மூலக்கூறுக்கும் இடையே உள்ள பிணைப்பு ஆற்றலைச் சொன்னது, கோப்பையில் நாக்கு என்ன உணரும் என்பதை அளக்கவில்லை. மக்னீசியம் காபியிலிருந்து கூடுதலாக எதையும் இழுத்து வருகிறது என்பதை நான் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. தண்ணீரின் சுவையை அது மாற்றுகிறது என்றால் சரி.

இதைவிட முக்கியம் விகிதம். காகித பில்டரில் ஊற்றி வடிக்கும் முறையில் (நம் டிகாஷன் அல்ல) 1 கிராம் தூளுக்கு 16 கிராம் தண்ணீர். எஸ்ப்ரெசோவில் 18 கிராம் தூளுக்கு 36 கிராம் ஷாட், அழுத்திய தூளில், அதாவது கேக்கில், தங்குவதைச் சேர்த்தாலும் 1 கிராமுக்கு 3 கிராம் அளவுதான். அதே தண்ணீர், ஆனால் தூளின் ஒவ்வொரு கிராமுக்கும் கிடைக்கும் பைகார்பனேட்டும் மக்னீசியமும் ஐந்தில் ஒரு பங்கு. அதனால்தான் பில்டர் காபியில் காரத்தன்மை 40க்கும் 80க்கும் பளிச்சென்று தெரியும் வித்தியாசம், ஷாட்டில் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. எஸ்ப்ரெசோவுக்குத் தண்ணீர் தேர்ந்தெடுக்கும்போது பாய்லரை முதலில் பாருங்கள், ருசியைப் பிறகு பாருங்கள் என்று நான் சொல்வது இதனால்தான். பில்டருக்கு நேர்மாறு.

#10 ஏற்காடு_லைட்ரோஸ்ட்

விகிதக் கணக்கு சரிதான். ஆனால் லைட் ரோஸ்ட்டை 1க்கு 3 ஆக இழுத்து, அதன்மேல் வெந்நீரும் ஊற்றிக் குடிக்கிறவர்களுக்கு அந்த இடைவெளி சுருங்கிவிடும். அமெரிக்கானோவுக்கு ஊற்றும் நீரின் காரத்தன்மை முழுதாகவே புளிப்பின் மேல் இறங்குகிறது. நான் கே.எச். 50, மக்னீசியம் 40 பக்கம்தான். டார்க் ரோஸ்ட்டுக்கு கே.எச். 30 போதும், இருக்கிற கொஞ்சம் புளிப்பையும் ஏன் கொல்ல வேண்டும்?

#11 துளிக்கணக்கு

எப்சம் கரைசலையும் பைகார்பனேட் கரைசலையும் ஒரே பாட்டிலில் கலந்து வைக்காதீர்கள். அடர்த்தியாக இருக்கும்போது மக்னீசியம் கார்பனேட்டாக அடியில் படியத் தொடங்கும், பிறகு அளவே தப்பாகும். தனித்தனி பாட்டில். கலப்பது பெரிய கேனில் மட்டும்.

கால்சியம் குளோரைடு சேர்க்கச் சொல்லும் செய்முறைகளும் இணையத்தில் உண்டு. கடினத்தன்மையை 50 ஏற்ற, கூடவே லிட்டருக்கு 35 மில்லிகிராம் குளோரைடு வந்துவிடும். ஆர்.ஓ. போட்டு விரட்டியதைக் காசு கொடுத்துத் திரும்ப அழைப்பானேன்? பில்டருக்கு வைத்துக்கொள்ளுங்கள், மெஷினுக்கு வேண்டாம்.

#12 சுண்ணாகம்

யாழ்ப்பாணத்தில எங்களுக்கு வேற பிரச்சினை. குடாநாட்டின்ர நிலத்தடி முழுக்கச் சுண்ணாம்புக்கல்லு, கிணத்துத் தண்ணி கேத்திலில வெள்ளையாப் படியும். கரையோரத்திலதான் உப்பு. உள்ளுக்க இருக்கிற எங்கட கிணத்தில குளோரைடு குறைவு, ஆனால் கே.எச். 300க்குக் கிட்ட. தண்ணியை மென்னீராக்கிற, உப்புப் போட்டுப் புதுப்பிக்கிற சொஃப்னர் பூட்டியிருக்கு. இப்ப படிவு இல்லை, ஆனால் ஷொட் சப்பெண்டு இருக்கு, அதே அரைப்பில முந்தியைவிட மெதுவா இறங்குது. ஏன்?

#13 பைகார்பனேட்

சொஃப்னர் கால்சியத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் சோடியத்தை வைக்கிறது. பைகார்பனேட்டை அது தொடுவதே இல்லை. அதனால் காரத்தன்மை 300 அப்படியே நிற்கிறது. படிவு போனது, சப்பென்ற ருசி போகவில்லை. ஷாட் மெதுவாவதும் இதோடு சேர்ந்ததுதான். சோடியம் பைகார்பனேட் மிகுந்த மென்னீரில் தூள் கேக் தண்ணீரைத் தாமதமாக விடும். அரைப்பைப் பெரிதாக்கிச் சமாளிக்கப் பார்ப்பார்கள், ருசி இன்னும் மெலியும்.

குளோரைடு குறைவு என்பது உங்களுக்கு வாய்த்த வசதி. இரண்டு வழி. ஒன்று, ஹைட்ரஜன் வகைப் பிசின் (ரெசின்) உள்ள ஜாடி பில்டர். அது கடினத்தன்மையையும் காரத்தன்மையையும் சேர்த்தே இறக்கும். ஆனால் கே.எச். 300இல் கார்ட்ரிட்ஜ் பெட்டியில் போட்டிருக்கும் லிட்டர் கணக்குக்கு வெகு முன்பே தீர்ந்துவிடும், வாரம் ஒருமுறை சொட்டு டெஸ்ட் செய்து 70ஐத் தாண்டினால் மாற்றுங்கள். சொஃப்னருக்கு முந்திய கிணற்று நீரைத்தான் அதில் ஊற்ற வேண்டும். மற்றது, சின்ன ஆர்.ஓ. வைத்து, அந்த நீர் ஐந்து பங்குக்குக் கிணற்று நீர் ஒரு பங்கு கலப்பது. கே.எச். 50க்கு மேல் 70க்குள் நிற்கும். வேளச்சேரியில் கூடாது என்று சொன்ன கலவை உங்கள் கிணற்றுக்குச் சரிவரும்.

#14 வேளச்சேரி_ஷாட்

கன்ட்ரோலர் மூடியாச்சு. இப்ப மீட்டர் 72, கே.எச். 2 சொட்டு, ஜி.எச். ஒரு சொட்டுலயே மாறிடுச்சு. 6 மில்லி கணக்குல பைகார்பனேட் சேர்த்தாச்சு. குளோரைடு 29ன்னு வச்சுக்கிட்டா, இது விளிம்புலதானே இருக்கு? ஸ்டீம் பாய்லர் ஒன்றரை லிட்டர். தினம் அஞ்சு பால் காபி போடறோம்.

#15 பைகார்பனேட்

சரியான கேள்வி. ஸ்டீம் பாய்லரிலிருந்து வெளியே போவது ஆவி, உப்பு உள்ளேயே தங்கும். 150 கிராம் பாலைச் சூடாக்க 15 கிராம் அளவு ஆவி பிடிக்கும், குழாயை ஊதிவிடுவதையும் சேர்த்து 20 என்று வையுங்கள். ஐந்து காபிக்கு நாளைக்கு 100 கிராம். 15 நாளில் ஒன்றரை லிட்டர் ஆவியாகிவிடும், அதாவது பாய்லர் நீரில் குளோரைடு 29இலிருந்து 58. ஒரு மாதத்தில் 87. டேங்க்கில் எவ்வளவு நல்ல நீர் ஊற்றினாலும் இது ஏறிக்கொண்டேதான் இருக்கும்.

தடுக்க ஒரே வழி, வெந்நீர்க் குழாய் வழியாகப் பாய்லர் நீரை வெளியேற்றுவது. பெரும்பாலான மெஷின்களில் அந்தக் குழாய் ஸ்டீம் பாய்லரிலிருந்துதான் வருகிறது. ஆவியாகப் போகும் அளவுக்கு வெந்நீராகவும் எடுத்தால் இரண்டு மடங்கில் நின்றுவிடும். உங்களுக்கு நாளைக்கு 100 மில்லி. கப்பைச் சூடாக்க அதையே பயன்படுத்துங்கள், வேலை முடிந்தது. 200 மில்லி எடுத்தால் ஒன்றரை மடங்கு, குளோரைடு 45 பக்கம் நிற்கும். என்னைக் கேட்டால் 200. மெட்ரோ வாட்டர் லாரி வரும் காலத்தில் அந்த நீரை ஆர்.ஓ.வுக்கு விட முடிந்தால் இன்னும் நல்லது, உள்ளே போகும் குளோரைடே குறைவாக இருக்கும்.

#16 கிளாசிக்_கந்தன்

ஒரு கேள்வி சார். சின்ன சிங்கிள் பாய்லர், அலுமினியம். இத்தனை காலமும் கார்ப்பரேஷன் தண்ணி நேரா ஊத்தியிருக்கு. ஸ்டீம் குழாயில தண்ணி வருது, காபி இறங்கற குரூப்ல வரல. பம்ப் போச்சா?

#17 கோவை_ஆர்ஓ

பம்ப் போயிருந்தா ஸ்டீம் குழாயிலயும் வராதுங்க. அடைப்பு குரூப் பக்கம்தான், முக்கால்வாசி சோலனாய்டு வால்வு, குரூப்புக்குப் போற தண்ணிய மின்சாரத்துல திறந்து மூடற வால்வுங்க. அதோட துளை குண்டூசி அளவு, சுண்ணாம்புத் துணுக்கு ஒண்ணு போதும். பிளக்கைப் புடுங்கி, ஆறவிட்டு, வால்வைக் கழட்டி, நடுவுல இருக்கற தண்டையும் துளையையும் சிட்ரிக் ஆசிட் தண்ணியில ஊறப்போட்டுத் துடைங்க. காயிலை நனைச்சுடாதீங்க. ஓ-ரிங் சப்பையாயிருந்தா மாத்திடுங்க.

மெஷினுக்குள்ள ஊத்தறதுன்னா லிட்டருக்கு 25 கிராம் சிட்ரிக் ஆசிட், வெதுவெதுப்பா, 20 நிமிசம், அப்புறம் ரெண்டு மூணு டேங்க் நல்ல தண்ணி. அலுமினியத்துல ராத்திரி பூரா விடக்கூடாதுங்க. கொதிக்கவும் விடாதீங்க, சூட்டுல கால்சியம் சிட்ரேட் கெட்டியா இறங்கி மறுபடி அடைக்கும். உள்ள தடியா படிஞ்சிருந்தா ஆசிட்டே வேண்டாம், பாதி கரைஞ்ச பாளம் பேர்ந்து வந்து அடுத்த துளையில உக்காரும். பாய்லரைப் பிரிச்சுச் சுரண்டறதுதான் வழி.

#18 தண்ணிக்கேன்

கேன் தண்ணியும் ஆர்.ஓ.தானே, அதுலயே பைகார்பனேட் போட்டா போதாதா? இல்ல பெட்ரோல் பங்க்ல விக்கற டிஸ்டில்டு வாட்டர்?

#19 துளிக்கணக்கு

கேன் நீர் ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி இருக்காது. எந்த ஆலை, எந்த போர், சவ்வு எத்தனை பழசு என்று உங்களுக்குத் தெரியாது. பயன்படுத்தலாம், ஆனால் புதுக் கேன் திறக்கும்போதெல்லாம் கே.எச். சொட்டு டெஸ்ட் செய்து பார்த்துவிட்டு அளவைத் தீர்மானியுங்கள். பங்க்கில் விற்பது பேட்டரிக்கானது, உணவுத் தரம் இல்லை. தொடவே வேண்டாம்.

எந்த நீராக இருந்தாலும் எதுவும் சேர்க்காத சுத்த நீரை மட்டும் பாய்லருக்கு விடாதீர்கள். பாய்லரில் மட்டம் பார்க்கும் கம்பி, தண்ணீர் மின்சாரத்தைக் கடத்துவதை வைத்துத்தான் வேலை செய்கிறது. கடத்தாவிட்டால் நிரம்பவில்லை என்று நினைத்து மெஷின் ஊற்றிக்கொண்டே இருக்கும், ஸ்டீம் குழாயில் தண்ணீர் வழியும். லிட்டருக்கு 100 மில்லிகிராம் பைகார்பனேட் அதற்கும் போதும்.

கரைசல் பாட்டிலை மூடி ஃப்ரிட்ஜில் வையுங்கள், மாதம் ஒருமுறை புதிதாகக் கலக்குங்கள். கலங்கலோ பாசி வாடையோ தெரிந்தால் கொட்டிவிடுங்கள், 10 கிராம் தூள்தான்.